லைவ் சவுண்டா, டப்பிங்கா? மதுரையில் குறும்படம் எடுக்கக் கிளம்பும் தம்பிக்கு

"அண்ணே, லைவ்ல எடுக்கவா, இல்ல டப்பிங் பண்ணிக்கிடவா?"

குறும்படம் எடுக்கப் போகும் தம்பிகள், எடிட்டரான என்னிடம் இதைக் கேட்காமல் இருந்ததில்லை. கேமரா, லென்ஸ், லைட் எல்லாவற்றையும் அவர்களே முடிவு செய்துவிட்டு வருவார்கள். சத்தத்தை மட்டும் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்திருப்பார்கள். போன மாதம் வந்த தம்பியும் அப்படித்தான். பதினைந்து நிமிடப் படம். செல்லூரில் ஒரு தறிக்கார வீடு, அதில் ஒரு அப்பத்தா, சென்னைக்கு வேலைக்குப் போகும் பேரன். மாட்டுத்தாவணியில் ஒரு காட்சி, டவுன்ஹால் ரோட்டில் ஒன்று, தெப்பக்குளத்தில் ஒன்று. அப்பத்தாவாக நடிக்கப்போவது அவனுடைய சொந்த அப்பத்தா.

"அப்ப பாதி முடிவாயிருச்சுப்பா" என்றேன். அவன் முழித்தான். அவனுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

படம் பிடிக்கும்போதே பேச்சை நல்ல மைக்கில் பதிந்து, அதையே படத்தில் வைப்பது லைவ் சவுண்டு. ஸ்பாட்டில் பேச்சை ஒரு அடையாளத்துக்காகச் சும்மா பதிந்து வைத்துக்கொண்டு (அதுதான் பைலட் டிராக்), எடிட்டிங் முடிந்தபின் ஸ்டூடியோவில் திரையைப் பார்த்து உதட்டசைவுக்குத் தகுந்தபடி திரும்பப் பேசுவது டப்பிங். 1931-ல் தமிழ் சினிமா பேசத் தொடங்கியபோது பேச்சும் பாட்டும் செட்டிலேயே நேரடியாகப் பதிந்ததுதான். வேறு வழி கிடையாது. பிற்பாடு இரைச்சல் போடும் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஸ்டூடியோவை விட்டு வெளியே வந்ததும் டப்பிங் வழக்கமாகிப்போனது. 2001-ல் ‘லகான்’ போன்ற பெரிய படம் லைவ் சவுண்டில் வந்தபோது பலரும் திரும்பிப் பார்த்தார்கள். இன்றைக்குக் கேமரா சத்தம் போடுவதில்லை. ஊர்தான் போடுகிறது.

டப்பிங்கை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். அதில் பெரிய வசதி ஒன்று உண்டு, யாரும் அதைக் கணக்கில் எடுப்பதில்லை: ஷாட் ஓடும்போதே டைரக்டர் கத்தலாம். "அப்பத்தா, இப்பத் திரும்புங்க. அங்கிட்டுப் பாருங்க. ஆங், இப்பச் சிரிங்க." நடித்துப் பழகாதவர்களிடம் வேலை வாங்க இது பெரிய உதவி. தெருவில் ஹாரன் அடித்தால் டேக் வீணாகாது. எழுதிய வசனம் எடிட்டிங்கில் ஒட்டவில்லை என்றால், முகம் திரும்பியிருக்கும் இடமாகப் பார்த்து வேறு வசனத்தைச் செருகிவிடலாம். ரெண்டு நாளில் ஷூட்டிங்கை முடித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம்.

சரி, இழப்பது என்ன?

சில வருஷத்துக்கு முன்னால் நான் எடிட் செய்த ஒரு படத்தில் மேலூர்ப் பக்கத்து அம்மா ஒருவர் நடித்தார். திண்ணையில் உட்கார்ந்து, "அவன் வருவான்டா. வராம எங்கிட்டுப் போயிருவான்" என்று சொல்லவேண்டும். பைலட் டிராக்கில் அந்த ரெண்டு வாக்கியத்துக்கும் நடுவே, வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்கு ஒதுக்குகிற சத்தம் ஒன்று விழுந்திருந்தது. அதற்கப்புறம் ஒரு சின்ன மூச்சு. அந்த மூச்சில்தான் மகன் வரமாட்டான் என்பதே தெரியும். ஆனால் பின்னால் எங்கோ பம்புசெட் ஓடிக்கொண்டிருந்தது. டப்பிங் போய்விடலாம் என்று முடிவானது.

ஸ்டூடியோவில் அந்த அம்மாவுக்கு ஹெட்ஃபோன் மாட்டினோம். காதில் தண்டட்டி. ஹெட்ஃபோன் அதை அமுக்க, அவர் முகத்தைச் சுளிக்க, கடைசியில் ஒரு காதுக்கு மட்டும் கையால் பிடித்துக்கொள்ளச் சொன்னோம். ஏ.சி. அறை, எதிரே கண்ணாடி, அதற்கு அந்தப் பக்கம் நாலு பேர். வெற்றிலையைத் துப்பிவிட்டு வரச் சொல்லியிருந்தார்கள். மைக்கைப் பார்த்ததும் அந்த அம்மா பள்ளிக்கூடத்துப் பிள்ளை பாடம் ஒப்பிக்கிற மாதிரி, "அவன் வருவான்டா, வராமல் எங்கே போய்விடுவான்" என்றார். எழுபது வருஷம் பேசிய பேச்சு ஒரே நிமிடத்தில் செந்தமிழாகிவிட்டது. பதினேழு டேக் போனோம். உதடு ஒட்டியபோது உயிர் இல்லை. கொஞ்சம் உயிர் வந்தபோது உதடு ஒட்டவில்லை.

கடைசியில் பம்புசெட்டோடு சேர்ந்த பைலட் டிராக்கையே வைத்தோம். அந்தக் காட்சி தொடங்குவதற்கு முன்னால் பம்புசெட்டில் தண்ணீர் கொட்டுகிற ஒரு ஷாட்டைச் சேர்த்தேன், அவ்வளவுதான். படம் பார்த்த ஒருத்தர்கூடச் சத்தத்தைக் குறை சொல்லவில்லை. எங்கிருந்து வருகிறது என்று கண்ணுக்குத் தெரிந்துவிட்டால், இரைச்சல் அந்த இடத்தின் சத்தமாக மாறிவிடுகிறது. இதை நான் எந்த வகுப்பிலும் படிக்கவில்லை. பதினேழு டேக் கொடுத்த படிப்பு.

அதனால் தொழில்முறை நடிகர்கள் பேசுவதாக இருந்தால் டப்பிங்கை யோசிக்கலாம். ஊர்க்காரர்கள் பேசுவதாக இருந்தால், என்ன பாடுபட்டாலும் லைவ்தான். ‘வந்தாய்ங்க, போனாய்ங்க’ என்று ஸ்கிரிப்டில் எழுதிவிடலாம். அதில் எந்த எழுத்தை எவ்வளவு இழுப்பது என்பது வாய்க்குத்தான் தெரியும், அந்த வாய் தன் வீட்டுத் திண்ணையில் இருக்கும்போதுதான் அதுவும் தெரியும்.

பாடு எப்படிப்பட்டது?

மதுரையில் லைவ் எடுப்பதென்றால் முதலில் சத்தங்களை ரெண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரே சீராக ஓடுவது ஒன்று: ஃபேன், பம்புசெட், தூரத்து மோட்டார், ராத்திரிச் சில்வண்டு. மாறிக்கொண்டே இருப்பது இன்னொன்று: ஹாரன், காய்கறி வண்டி, திருப்பரங்குன்றம் பக்கம் போனால் மயில், கோயில் திருவிழாவுக்குக் கட்டிய குழாய் ஸ்பீக்கர். சீராக ஓடுவது மிதமாக இருந்தால் படம் தாங்கும். மாறுகிற சத்தம் எடிட்டிங்கில் கழுத்தைப் பிடிக்கும். முதல் ஷாட்டில் பாதி ஹாரன் இருக்கும், வெட்டி அடுத்த ஷாட்டுக்குப் போனால் மீதி ஹாரனைக் காணோம். பார்ப்பவனுக்கு வெட்டு தெரிந்துவிடும்.

இதில் மோசமானது பாட்டு. டீக்கடை ரேடியோவோ குழாய் ஸ்பீக்கரோ பின்னால் பாடிக்கொண்டிருந்தால் எந்த இடத்தில் வெட்டினாலும் பல்லவி குதிக்கும். அதோடு போகாது. யூடியூபில் ஏற்றும்போது அந்தப் பாட்டுக்குக் காப்பிரைட் கோரிக்கை வேறு வந்து நிற்கும். ஆடி மாசத்திலும் சித்திரையிலும் ஊருக்குள் வசனக் காட்சி வைப்பவர்களுக்கு என் அனுதாபங்கள். ஆடியில் காற்றும் சேர்ந்துகொள்ளும். மைக்குக்குப் போடுகிற வெறும் ஸ்பான்ஜ் உறை அந்தக் காற்றுக்குப் பத்தாது, நாய்க்குட்டி மாதிரி மயிர் வைத்த உறைதான் வேண்டும்.

வீட்டுக்குள் எடுத்தால் ஃப்ரிட்ஜ். அதை அணைத்துவிட்டு ஷூட் பண்ணுவோம், பேக்கப் ஆனதும் போட மறந்துவிடுவோம். ஒரு வீட்டில் இப்படி ராத்திரி முழுக்க அணைந்து கிடந்து, மறுநாள் காலையில் அந்த வீட்டம்மா புளித்துப் பொங்கிய மாவைக் கொண்டுவந்து எங்கள் முன்னால் வைத்தார். திட்டவில்லை. அதுதான் இன்னும் வலித்தது. அன்றிலிருந்து ஃப்ரிட்ஜை அணைத்ததும் என் வண்டிச் சாவியை அதற்குள் வைத்துவிடுகிறேன். சாவி எடுக்காமல் வீட்டுக்குப் போக முடியாதே.

காங்கிரீட் அறை என்றால் எதிரொலி. கேமராவில் படாத சுவர்களில் ஜமுக்காளமும் போர்வையும் தொங்கவிட்டால் பாதி அடங்கும். பழைய ஓட்டு வீட்டில் இந்தத் தொல்லை ரொம்பக் குறைவு.

நீளக் கம்பில் மாட்டித் தலைக்கு மேல் பிடிக்கும் பூம் மைக்கா, சட்டையில் குத்தும் காலர் மைக்கா என்பது அடுத்த கேள்வி. பேசுபவரின் தலைக்கு மேல் ஒன்றரை, ரெண்டு அடிக்குள் பூம் மைக்கைக் கொண்டுவர முடிந்தால் அதற்கு ஈடு எதுவும் கிடையாது. குரலோடு அந்த அறையும் கொஞ்சம் சேர்ந்து வரும். ஆனால் தூரம் இரட்டிப்பானால் குரல் 6 டெசிபல் குறைந்துவிடும், தெருச் சத்தமோ அப்படியே இருக்கும். அதனால் இடம் முழுக்கத் தெரிகிற வைடு ஷாட்டில் பூம் உள்ளே வர முடியாதபோது காலர் மைக் தேவைப்படுகிறது. காலர் மைக்கின் எதிரி துணி. பட்டுச் சேலை, பாலியஸ்டர் சட்டை எல்லாம் சரசரக்கும். சுங்குடிச் சேலை மாதிரி துவைத்துத் துவைத்து மெத்தென்றான பருத்தி சமர்த்தாக இருக்கும். அப்பத்தாவின் தண்டட்டி தோளில் உரசும் சத்தத்தையும் காலர் மைக் விடாமல் பிடிக்கும் என்று தம்பியிடம் சொன்னேன். "அதைக் கழட்டச் சொல்ல முடியாதுண்ணே" என்றான். கழட்டவும் கூடாது. மைக்கை நெஞ்சுக்கு நடுவில் இறக்கிக் குத்தினால் போதும்.

பூமைச் சும்மா இருக்கும் நண்பன் கையில் கொடுப்பதுதான் எல்லோரும் செய்கிற தப்பு. அவன் நடிப்பைப் பார்த்துக்கொண்டிருப்பான், பூம் எங்கேயோ பார்த்துக்கொண்டிருக்கும். ஹெட்ஃபோன் போட்டு, கண்ணை மூடிக் கேட்டு, ஒரு வார்த்தை புரியவில்லை என்றாலும் "இன்னொரு டேக்" என்று சொல்லத் துணிந்த ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் கிடைக்கவில்லை என்றால் பேசாமல் டப்பிங்குக்குப் போங்கள், நான் தடுக்கமாட்டேன்.

ரெக்கார்டரில் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வைத்து, பேச்சின் உச்சம் ரெக்கார்டர் மீட்டரில் -12 டெசிபலைச் சுற்றி நிற்கிற மாதிரி பார்த்துக்கொண்டால் போதும். 32 பிட் ஃப்ளோட்டில் பதிகிற ரெக்கார்டர் கிடைத்தால் திடீர்க் கத்தலுக்குப் பயப்பட வேண்டாம். லெவல் தாண்டினாலும் பின்னால் இறக்கிக்கொள்ளலாம். தனியாகப் பதிந்த சத்தத்தைப் படத்தோடு பொருத்தக் கிளாப் கட்டாயம். கட்டை இல்லை என்றால் கையைத் தட்டுங்கள். செல்போனில் படம் எடுப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: பல போன்கள் ஃபிரேம் வேகத்தை அவையாகவே ஏற்றி இறக்கும். அப்படிப்பட்ட வீடியோவில் முதலில் ஒட்டிய உதடு போகப்போக விலகிக்கொண்டே போகும். எடிட்டுக்கு முன்னால் அதை நிலையான ஃபிரேம் வேகத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

லைவுக்கும் டப்பிங்குக்கும் நடுவில் மூன்றாவது வழி ஒன்று உண்டு. அதைத்தான் நான் அதிகம் பரிந்துரைப்பேன். ஷாட் ஓகே ஆனதும் கேமராவை நிறுத்திவிட்டு, அதே ஆளை, அதே இடத்தில், மைக்கை வாய்க்கு நெருக்கமாகக் கொண்டுபோய், அதே வசனத்தை நாலைந்து தடவை பேசச் சொல்லிப் பதிவது. வைல்டு டேக் என்பார்கள். இப்போதுதான் பேசியிருக்கிறார், உடம்பு இன்னும் அந்தக் காட்சியில்தான் இருக்கிறது, வெற்றிலை வாயில்தான் இருக்கிறது. அதனால் தாளம் அநேகமாக அப்படியே விழும். எடிட்டிங்கில் ஒரு வார்த்தை கெட்டிருந்தால் இதிலிருந்து அந்த வார்த்தையை எடுத்து ஒட்டிவிடலாம். செலவு பத்து நிமிடம். மேலூர் அம்மாவுக்கு அன்றைக்கு இதைச் செய்திருந்தால் ஸ்டூடியோவுக்கே போயிருக்க வேண்டாம்.

வெட்டும் மேஜையில்

சத்தத்தில் எடுக்கும் முடிவு எடிட்டிங்கில் வந்து உட்காரும். டப்பிங் படத்தில் எடிட்டர் ராஜா. எங்கே வேண்டுமானாலும் வெட்டலாம், கீழே சத்தமே இல்லையே. ஆனால் அந்தச் சத்தமில்லாத படத்துக்குள் எல்லாவற்றையும் நாம்தான் கொண்டுவந்து வைக்கவேண்டும். செருப்புச் சத்தம், டம்ளர் வைக்கும் சத்தம், கயிற்றுக் கட்டில் முனகுவது, வாசலில் சைக்கிள் ஸ்டாண்டு. இதைத்தான் ஃபோலி என்கிறோம். குரலும் ஸ்டூடியோவில் காய்ந்துபோய் வந்திருக்கும். ஓட்டு வீட்டில் பேசுகிற மாதிரி அதற்கு எதிரொலி சேர்க்கவேண்டும், ஆள் தள்ளிப்போகும்போது குரலும் தள்ளிப்போகவேண்டும். குறும்படக்காரர்கள் இத்தனையும் செய்வதில்லை. முதல் நிமிடத்திலிருந்து கடைசி வரை வயலினை ஊற்றி மூடிவிடுகிறார்கள். என்னிடம் வருகிற படங்களில் இசையை மியூட் செய்துவிட்டு ஒரு தடவை ஓட்டிக் காட்டுவேன். ஸ்டூடியோ குளிர் அப்படியே கேட்கும்.

லைவ் படத்தில் வெட்டைப் பூசி மறைப்பதுதான் வேலை. அதற்கு மருந்து ரூம் டோன். ஒவ்வொரு இடத்திலும் ஷூட்டிங் முடிந்ததும் எல்லோரும் ஒரு நிமிடம் வாயைத் திறக்காமல் நிற்க, அந்த இடத்தின் ‘சும்மா இருக்கிற’ சத்தத்தைப் பதிவது. கேட்க எளிது. இருபதாவது விநாடியில் யாராவது இருமுவார்கள், நாற்பதாவதில் போன் அடிக்கும். ஆனாலும் எடுங்கள். வெட்டு விழும் இடங்களுக்கு அடியில் அதை ஓடவிட்டு, குரல் துண்டுகளின் ஓரத்தில் ரெண்டு, மூணு ஃபிரேமுக்குக் கிராஸ்ஃபேடு போட்டால் (ஒன்று மெல்ல இறங்க இன்னொன்று மெல்ல ஏறுவது) தையல் தெரியாது. இரைச்சல் நீக்கும் மென்பொருளை நம்பி இதைச் செய்யாமல் விடாதீர்கள். அதைக் கொஞ்சம் அதிகமாகப் போட்டால் ஆள் தண்ணீருக்குள் இருந்து பேசுகிற மாதிரி ஆகிவிடும். கொஞ்சம் இரைச்சல் மிச்சம் இருப்பதே மேல்.

அடுத்தது, படத்தையும் சத்தத்தையும் ஒரே இடத்தில் நேராக வெட்டுவதா, ஒன்றை முந்தவிடுவதா? அப்பத்தா இருட்டில் தனியாக உட்கார்ந்திருக்கிறார். அடுத்த காட்சி மாட்டுத்தாவணி. நேராக வெட்டினால் அமைதி முடிந்து பஸ் ஸ்டாண்டு டமால் என்று வரும். திடுக்கிட வைக்கவேண்டும் என்றால் அதுவும் சரிதான். இன்னொரு வழி: அப்பத்தாவின் முகம் திரையில் இருக்கும்போதே, "மேலூர், திருப்பத்தூர், காரைக்குடி" என்று கண்டக்டர் கூப்பிடும் குரல் மெதுவாக உள்ளே வருகிறது. ஒன்றரை விநாடி கழித்துத்தான் பஸ் ஸ்டாண்டு தெரிகிறது. அந்த ஒன்றரை விநாடியில், பேரன் போவதை அப்பத்தா வீட்டிலிருந்தே கேட்டுவிட்ட மாதிரி ஆகிவிடுகிறது. இது ஜே கட். டைம்லைனில் சத்தத் துண்டு படத்துக்கு முன்னால் நீட்டிக்கொண்டு ஆங்கில ஜே மாதிரி நிற்பதால் அந்தப் பெயர். திருப்பிப் போட்டால் எல் கட்: பேரன் பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டான், அப்பத்தா பேசிய கடைசி வார்த்தை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. பிரிவைச் சொல்லும் கதைக்கு இந்த ரெண்டு வெட்டும் இல்லாமல் முடியாது என்பது என் கட்சி.

ஆனால் அந்தக் கண்டக்டர் குரல் தனியாக, சுத்தமாக இருக்கவேண்டும். எந்த டப்பிங் ஆர்ட்டிஸ்டாலும் அதைத் தர முடியாது. விடியற்காலையில் ரெக்கார்டரோடு போய்ப் பத்து நிமிடம் நின்றால் கிடைத்துவிடும். கேமராவே வேண்டாம்.

தெப்பக்குளக் காட்சியில் வேறொரு வேடிக்கை. மைய மண்டபத்துப் பக்கம் மேளக்காரர் தவில் அடிப்பதைக் கரையிலிருந்து எடுக்க ஆசைப்படுகிறான் தம்பி. குளம் ஏறக்குறைய 305 மீட்டருக்கு 290 மீட்டர். நடுவிலிருந்து கரைக்கு 150 மீட்டர் என்று வையுங்கள். சத்தம் விநாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். விநாடிக்கு 24 ஃபிரேம் என்றால், ஒரு ஃபிரேம் நேரத்தில் 14 மீட்டர். ஆக, கை தவிலில் விழுந்து பத்துப் பதினோரு ஃபிரேம் கழித்துத்தான் அடி கரைக்கு வந்து சேரும். எடிட்டர் இதைப் பார்த்து ‘சிங்க் போச்சு’, அதாவது படமும் சத்தமும் ஒட்டவில்லை, என்று கேமராக்காரரைத் திட்டுவார். இயற்கை அப்படித்தான் என்று அப்படியே விடலாம், அல்லது சத்தத்தை அந்த அளவுக்கு முன்னால் இழுத்துக் கையோடு ஒட்டலாம். வழக்கமாக ஒட்டுவதுதான் பழக்கம், பார்ப்பவர்கள் அதைத்தான் எதிர்பார்க்கிறார்கள். இந்தக் கதையில் மட்டும் நான் ஒட்டமாட்டேன். எல்லாமே தாமதமாக வந்து சேரும் படம் இது.

எடிட்டிங் மென்பொருள் பற்றிக் கேட்பார்கள் என்பதற்காக: டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பிலேயே ஃபேர்லைட் என்ற சத்தப் பக்கம் இருக்கிறது, குறும்படத்துக்கு அது தாராளம். பிரீமியருக்குச் சந்தா கட்டவேண்டும். ஏற்கெனவே கை பழகியிருந்தால் மட்டும் கட்டுங்கள். யூடியூபுக்கு என்றால் சராசரி உரப்பை (சத்தம் காதுக்கு எவ்வளவு பலமாகக் கேட்கிறது என்பதை) -14 எல்.யு.எஃப்.எஸ். என்ற அளவின் பக்கம் வைத்து, ஹெட்ஃபோனில் ஒரு தடவை, போன் ஸ்பீக்கரில் ஒரு தடவை கேட்டுவிட்டு ஏற்றுங்கள்.

தம்பிக்கு நான் எழுதிக்கொடுத்தது இது. அப்பத்தா வீடு முழுக்க லைவ், ஒவ்வொரு வசனத்துக்கும் வைல்டு டேக். மாட்டுத்தாவணியில் பேரனும் நண்பனும் பேசுவதை டப்பிங்குக்கு விட்டுவிடலாம். ரெண்டு பேருமே நாடகத்தில் பழகிய பையன்கள், சமாளிப்பார்கள். டவுன்ஹால் ரோட்டில் வசனமே வேண்டாம், அடித்துவிடு. அங்கே பேரன் நடந்தால் போதும், தெரு பேசிக்கொள்ளும். தெப்பக்குளத்தில் ஆம்பியன்ஸும் (அந்த இடத்தின் சுற்றுச் சத்தமும்) தவிலும் மட்டும்.

மிச்சமிருந்தது செல்லூர்த் தறி. பம்புசெட்டுக்குச் செய்த மாதிரி தறியைக் காட்டிவிட்டுத் தப்பிக்க முடியாது. பவர்லூம் பக்கத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் ஓடினால் அப்பத்தாவின் குரலே கேட்காது. நிறுத்தச் சொன்னால் அவர்களுக்குக் கூலி போகும். யோசித்துவிட்டு, "மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்துவாய்ங்கள்ல, அன்னைக்கு வை" என்றேன். அன்றைக்குத் தறி ஓடாது, மிக்ஸி ஓடாது, டி.வி. ஓடாது, ஃப்ரிட்ஜுக்குள் சாவி வைக்கிற வேலையும் இல்லை. கேமராவும் ரெக்கார்டரும் பேட்டரியில் ஓடும், ஜன்னல் வெளிச்சம் போதும். தெருவில் யாரிடமாவது ஜெனரேட்டர் இருக்கிறதா என்று மட்டும் முன்னாடியே விசாரித்துக்கொள்ளச் சொன்னேன். தறிச் சத்தத்தை வேறொரு நாள் தனியாகப் பதிந்து, வேண்டிய அளவுக்கு அடியில் சேர்த்துக்கொள்ளலாம்.

இப்போது அவன் தினமும் காலையில் பேப்பர் வாங்கியதும் சினிமாப் பக்கத்தைத் தள்ளிவிட்டு, ‘நாளை மின்தடை’ எங்கே என்று தேடிக்கொண்டிருக்கிறான்.